வாழைத்தண்டு அன்று அலுமினியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சிறு பட்டறைகள் இரும்பை விட்டு அலுமினியத்துக்கு மாறிவருவது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். அசோக் லேலண்டு லாரியும் டிவிஎஸ் வண்டியும் டைட்டன் கைக்கடிகாரமும் உருவான இந்த ஊரைச் சுற்றி இப்போது மின்சார இருசக்கர வண்டிகளும் கைப்பேசி உறைகளும் உருவாகின்றன. அதனால் அலுமினிய உதிரி பாகங்களுக்கான ஜாப் ஒர்க் பெருகியிருக்கிறது என்று கட்டுரையாளர் எழுதியது முற்றிலும் உண்மை. ஆனால் அலுமினியத்தைக் கடைவது வாழைத்தண்டைச் சீவுவது போன்றது, எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, துருவும் பிடிக்காது, ஆகவே இளைஞர்கள் கடன் வாங்கி ஒரு இயந்திரத்தைப் போட்டால் போதும் என்ற தொனியில் அது முடிந்திருந்தது. பெரிய தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டு, இப்போது மத்திகிரிப் பக்கம் வாடகை ஷெட்டில் இரண்டு விஎம்சியும் (சுழலும் முனையால் உலோகத்தைச் சீவுகிற கணினி இயந்திரம்) ஒரு சிஎன்சி லேத்தும் வைத்து மைத்துனருடன் சேர்ந்து பட்டறை நடத்துகிற எனக்கு, அந்த முடிவைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அலுமினியத்தை வெட்டுவது எளிது; வெட்டியதை அளவில் நிறுத்துவதுதான் பாடு. அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் இருக்கிற பிள்ளைகளைக் கடனுக்கு அனுப்புவது நியாயமாகப் படவில்லை.

வெட்டுவது எளிது என்பதை நான் மறுக்கவில்லை. சாதாரண எம்.எஸ். இரும்பைக் கார்பைடு முனையால் நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகத்தில் வெட்டுகிற இடத்தில், அலுமினியத்தை 300 மீட்டரிலும் அதற்கு மேலும் தாராளமாக வெட்டலாம்; இயந்திரம் முனகாது, முனையும் நெடுநாள் உழைக்கும். ஆனால் அந்த 300 மீட்டரை எட்ட 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள எண்ட் மில் என்கிற சுழலும் வெட்டுமுனை நிமிடத்துக்குச் சுமார் 9,500 சுற்று சுற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். முதல் முறையாகத் தொழில் தொடங்குகிறவர் பெரும்பாலும் வாங்குவது பெங்களூரில் கைமாறி வருகிற பழைய விஎம்சியைத்தான். அவற்றில் பலவற்றின் ஸ்பிண்டில், அதாவது முனையைச் சுழற்றும் தண்டு, 6,000 சுற்றோடு நின்றுவிடும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் அதே எண்ட் மில்லுக்குக் கிடைக்கும் வேகம் 188 மீட்டர்தான், அதாவது மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. இரும்பு வேலைக்கு அந்த இயந்திரம் குறைவில்லாதது. அலுமினியத்துக்கு அதை வைத்துக்கொண்டு, 12,000 சுற்று இயந்திரம் வைத்திருப்பவர் சொன்ன விலைக்கு வேலையை ஒப்புக்கொண்டால், நேரக் கணக்கிலேயே கை கடிக்கும்.

அலுமினியத்துக்கு இன்னொரு குணம் உண்டு. வெட்டும் சூட்டில் அது இளகி முனையின் விளிம்பிலேயே அப்பிக்கொள்ளும். அப்பியது கெட்டிப்பட்டு அதுவே முனை போல நின்று வெட்டத் தொடங்கும்; பிறகு பிய்ந்து போகும்போது கார்பைடையும் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போகும், வேலைப்பொருளின் முகத்திலும் கீறல் விழும். இரும்புக்கென்று வாங்கி வைத்த, டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூசிய கருநிற எண்ட் மில்லை எடுத்து இதற்குப் போடுவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தவறு. பூச்சிலேயே அலுமினியம் இருப்பதால் ஒட்டுவது இன்னும் அதிகமாகும். பூச்சே இல்லாத, பள்ளம் பளபளவென்று தீட்டப்பட்ட, இரண்டு அல்லது மூன்று பல் மட்டுமே உள்ள முனைதான் இதற்கு ஏற்றது, ஏனென்றால் வேகமாக வருகிற சீவல் சுருள் வெளியேற இடம் வேண்டும். நான்கு பல் முனையைப் போட்டு ஆழமான பள்ளம் எடுக்கப் போய், சுருள் அடைத்து முனை முறிந்த ஓசையைக் கேட்காத பட்டறை எங்கள் பக்கத்தில் இருக்காது. இவையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவைதான். இதற்கு மேல் உள்ளதே விஷயம்.

அலுமினியம் என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. பட்டறைக்கு வருகிற ட்ராயிங்குகளில் பாதிக்கு மேல் பொருள் என்ற கட்டத்தில் அலுமினியம் என்று மட்டுமே எழுதியிருக்கும். அது, சாப்பாடு வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு இலையின் முன் உட்காருவது போன்றது. ஜன்னல், கதவுச் சட்டங்களுக்கு வருகிற 6063, பொதுவான இயந்திர வேலைக்கு வருகிற 6061, 6082, செம்பு கலந்த 2014, துத்தநாகம் கலந்த 7075 என்று இவை ஒவ்வொன்றும் வேறு வேறு உலோகம் என்றே வைத்துக்கொள்ளலாம். 6061 நன்றாகப் பதப்படுத்தப்பட்டால் 270 மெகாபாஸ்கல் அளவில்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும், 7075 ஏறத்தாழ 500 வரை தாங்கும், 6063 கதவுச் சட்டமோ 150-ஐ ஒட்டியே விட்டுக்கொடுத்துவிடும். வெட்டி வைத்துவிட்டால் மூன்றும் பார்வைக்கு ஒன்றுதான், தராசிலும் பெரிய வேறுபாடு காட்டாது. கடைகளில் இன்னமும் எச்.ஈ.30, எச்.ஈ.15, எச்.ஈ.9 என்றே கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் தரக்குறியீட்டின் மிச்சம் அது. அதில் முதல் எழுத்து வெப்பப் பதப்படுத்தக்கூடியது என்பதையும் இரண்டாவது எழுத்து அச்சின் வழியே பிதுக்கி எடுக்கப்பட்டது என்பதையும் குறிக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருந்த ஒரு பெரியவர். விற்கிறவர்களில் பலருக்கே அது தெரியாது.

கிரேடு, அதாவது கலவை வகை, தெரிந்தாலும் டெம்பர், அதாவது பதப்படுத்திய விதம், தெரியாவிட்டால் பயனில்லை. 1906-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டுச் சில நாள் கழித்துச் சோதித்தபோது, அது தானாகவே கெட்டிப்பட்டிருந்ததைக் கண்டார். இன்று நாம் டி6 என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான்: 6061 கம்பியை 530 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் குளிரவைத்து, பிறகு 160 முதல் 180 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருந்து எடுக்கிறார்கள். அந்தச் சட்டென்று குளிரவைக்கிற வேலைக்குப் பின்னால் ஒரு தொல்லை ஒளிந்திருக்கிறது. மேற்பரப்பு முதலில் குளிர்ந்து இறுகிவிடும், உள்ளே இருப்பது பிறகு குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். முடிவில் தோல் அழுத்தத்திலும் உள்சதை இழுவிசையிலுமாக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வெளியே ஒன்றும் தெரியாமல் கம்பி நேராக நிற்கும். ஒரு பக்கத்தை நாம் சீவி எடுத்துவிட்டால் மறுபக்கத்தை அடக்க ஆள் இல்லை. அது வளையும்.

இதை நான் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், 20 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையில் பள்ளம் எடுத்து, அடியில் 3 மில்லிமீட்டர் மட்டும் விட வேண்டிய மூடி ஒன்றுக்கு 120 எண்ணம் ஆர்டர் வந்தது. முகத்தின் தட்டைத்தன்மை 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று ட்ராயிங்கில் இருந்தது. நல்ல சான்றிதழோடு வந்த பட்டை என்று நம்பி வாங்கி, வைஸில் இறுக்கி, இரவும் பகலுமாக ஓட்டினோம். வைஸில் இருந்தவரை எல்லாம் கச்சிதமாகவே இருந்தன. கழற்றிச் சர்ஃபேஸ் பிளேட் என்கிற சமதளப் பலகையில் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தபோது, ஓரங்களில் 0.4 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் தோசைக்கல்லில் விளிம்பு எழும்பிய அடை மாதிரி இருந்தது. 80 எண்ணம் முடிந்த பிறகுதான் இதைப் பார்த்தோம் என்பது எங்கள் தவறு. முதல் எண்ணத்தைக் கழற்றி அளந்திருக்க வேண்டும். மறுபடி தட்டி நிமிர்த்தலாம் என்று மைத்துனர் சொன்னார், தட்டியும் பார்த்தோம், இரண்டு நாளில் அது பழைய வளைவுக்கே திரும்பியது.

பிறகுதான் விசாரித்தோம். வாங்கிய பட்டை டி6 தான், ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் பெருமளவு சீவி எடுக்கிற வேலைக்கு வாங்க வேண்டியது டி651. அதாவது தண்ணீரில் குளிரவைத்த பிறகு தகட்டை இரு முனையிலும் பிடித்து ஒன்றரை முதல் மூன்று சதவீதம் வரை இழுத்து, உள்ளே அடைபட்டிருக்கும் விசைகளைத் தளர்த்திய சரக்கு. பிதுக்கி எடுத்த கம்பியில் இதற்கு இணையானது டி6511. எழுத்தில் இரண்டு இலக்கம்தான் கூடுகிறது, எங்களுக்கு அதன் விலை 80 மூடிகள். இப்போது டி651 கிடைக்காத நாட்களில், இரண்டு பக்கமும் சமமாக முதல் சீவல் சீவி, வைஸைத் தளர்த்தி ஓரிரவு விட்டுவிட்டு, மறுநாள் மெதுவாகப் பிடித்துக் கடைசி அரை மில்லிமீட்டரை எடுக்கிறோம். நேரம் ஒன்றரை மடங்கு ஆகிறது. அந்த நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை, ஏனென்றால் விலை கேட்கும்போது எல்லாருக்கும் நினைவில் இருப்பது வாழைத்தண்டுதான்.

அடுத்தது வெப்பம். இரும்போடு பழகிய மண் இது; கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தபோது, எங்கள் ஆபரேட்டர் ஒருவர், அந்தக் காலத்திலும் ரிஜெக்ஷன் இருந்திருக்கும் சார் என்று சொல்லிச் சிரித்தார். இரும்பில் பழகிய கைக்கு வெப்பத்தைப் பெரிதாக எண்ணத் தோன்றாது. ஆனால் ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் மீட்டருக்கு 23 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரியும், எஃகு 11 அல்லது 12 மைக்ரான்தான். உலகெங்கும் அளவுகள் 20 டிகிரி செல்சியஸில் இருப்பதாகவே கொள்ளப்படுகின்றன. குட்டி இங்கிலாந்து என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய ஓசூரிலேயே சித்திரையில் தகர ஷெட்டுக்குள் நிற்க முடியாது. தருமபுரியில் அதே ஷெட் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

62 மில்லிமீட்டர் பேரிங் உட்காரும் உறை ஒன்றைக் கடைந்தோம். துளை 62-க்குக் கீழே போகக் கூடாது, மேலே 30 மைக்ரான் வரை போகலாம். இயந்திரத்திலிருந்து எடுத்த உடனே, துளையின் விட்டத்தை அளக்கிற போர் கேஜ் விட்டுப் பார்த்தால் 12 மைக்ரான் கூடுதல் என்று காட்டியது. நடுவில் இருக்கிறது என்று மனநிறைவோடு பெட்டியில் அடுக்கினோம். மறுநாள் வாங்குபவரின் குளிரூட்டிய ஆய்வு அறையில் அதே துளைகள் 62-க்கும் கீழே 10, 11 மைக்ரான் இருந்தன, மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை. வெட்டி முடித்த நேரத்தில் உறை 40 டிகிரியில் இருந்திருக்கிறது, கேஜை ஒப்பிட்டு வைத்த எஃகு வளையம் ஷெட்டின் 28 டிகிரியில் இருந்திருக்கிறது. உறை 28 மைக்ரான் அளவுக்கு விரிந்திருக்க, வளையம் 6 மைக்ரான்கூட விரியவில்லை. இடையில் உள்ள 22, 23 மைக்ரான்தான் எங்கள் கண்ணை மறைத்தது. துளை சிறியதாக இருந்ததால் மீண்டும் சீவிச் சரிசெய்தோம். பெரியதாகியிருந்தால் நேராகக் காயலான் கடைதான். அன்று முதல் எங்கள் பட்டறையில், அளக்க வேண்டிய அலுமினியப் பொருளும் கேஜும் ஒரே கிரானைட் பலகையின் மேல் ஒரு மணி நேரமாவது பக்கத்துப் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்பது விதி.

இதே காரணத்தால்தான், ஓடும்போது சூடாகிற மோட்டார் உறைகளில் எஃகு பேரிங்கை அலுமினியத் துளைக்குள் சும்மா அழுத்திவிட முடியாது. உறை 60 டிகிரி சூடேறினால் 62 மில்லிமீட்டர் துளை பேரிங்கைவிடச் சுமார் 44 மைக்ரான் அதிகமாக விரிந்து, பேரிங்கின் வெளிவளையம் உள்ளே வழுக்கிச் சுற்றத் தொடங்கும். அதற்காகவே துளையில் எஃகு வளையம் பதிப்பதும், இறுக்கத்தைக் கூட்டிக் கணக்கிடுவதும். இரும்பு உறைக்கு இருந்த ட்ராயிங்கை எடுத்துப் பொருளின் பெயரை மட்டும் அடித்து அலுமினியம் என்று மாற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பட்டறைக்காரர் கேள்வி கேட்டால், உனக்கெதற்கு அதெல்லாம், சொன்னதைச் செய் என்கிறார்கள்.

எடை மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கையும் இங்கே கொஞ்சம் திருத்த வேண்டும். கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகுக்கு 7.85, அதுவரை சரி. ஆனால் அலுமினியத்தின் விறைப்பும், அதாவது சுமையில் வளைந்து கொடுக்காத தன்மையும், எஃகின் விறைப்பில் மூன்றில் ஒன்றுதான், கிரேடு எதுவானாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. விலை கூடிய 7075 வாங்கினால் வளையாது என்று நினைப்பது வீண். 10 மில்லிமீட்டர் எஃகுத் தகடு எவ்வளவு வளையுமோ அவ்வளவே அலுமினியத் தகடும் வளைய வேண்டுமானால் அதன் கனம் 14.4 மில்லிமீட்டராக வேண்டும், அப்போது எடை பாதியாகக் குறையும். பாதியும் பெரிய லாபம்தான், மின்சார வண்டிக்கு அது கிலோமீட்டராக மாறும். ஆனால் மூன்றில் ஒன்று என்று நம்பித் தகட்டின் கனத்தை மாற்றாமல் விட்டவர்களின் தகட்டு உறைகள் அதிர்ந்து ஓசையிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மரை விஷயமும் இப்படித்தான்: எஃகில் போல்ட்டின் விட்டத்துக்குச் சமமான ஆழம் மரைக்குப் போதும், அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும், அடிக்கடி கழற்றி மாட்டுகிற இடமானால் ஹெலிகாயில் என்கிற எஃகுச் சுருள் மரையைப் போடாமல் விடக்கூடாது.

துருப்பிடிக்காது என்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. காற்று பட்ட உடனே மேலே படிகிற மெல்லிய ஆக்சைடு தோல் அதைக் காப்பது உண்மை. ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டைப் போட்டு ஈரத்தில் விட்டால் அரிப்பு விழுவது அலுமினியத்தின் பக்கம்தான். மின்சாரத்தால் அந்தத் தோலைத் தடிமனாக்குகிற அனோடைசிங் செய்தால் பாதுகாப்பு கூடும். ஆனால் 20 மைக்ரான் பூச்சில் பாதி வெளிநோக்கி வளரும் என்பதால், துளையின் விட்டம் 20 மைக்ரான் குறைந்து நிற்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் கடைந்த துளைக்குள் ஊசி நுழையாமல் திண்டாடியவர்களும் உண்டு. ஏ.டி.சி.12 போன்ற, அச்சில் வார்த்த டை காஸ்டிங் சரக்கில் சிலிக்கான் அதிகம். அனோடைசிங்கில் அது சாம்பல் திட்டுத் திட்டாகவே வரும், கடையும்போது முனையையும் அரம் போலத் தேய்க்கும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி என்கிற எங்கள் இரு மாவட்டத்துக்கே உரிய ஒரு தொல்லை தண்ணீர். பாறை மண்ணில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் உப்புத் தண்ணீரை எல்லாரும் அறிவர். ஃபுளோரைடு கலந்த அந்த நீரிலிருந்து மக்களை விடுவிக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. மனிதருக்கு ஒவ்வாத தண்ணீர், வெட்டும் முனையைக் குளிர்விக்கிற கூலண்டுக்கும் ஒவ்வாது. கடின நீரில் கலந்த கூலண்ட் எண்ணெய் பிரிந்து மேலே ஏடு கட்டும். ஆவியாகிக் குறைகிற அளவுக்குத் திரும்பத் திரும்ப அதே நீரை ஊற்றுவதால் தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். இரும்பில் அது அவ்வளவாகத் தெரியாது, அலுமினியத்தின் பளபளப்பான முகத்தில் மறுநாள் காலையில் வெள்ளைத் தழும்பாகவும் கறுப்புக் கறையாகவும் தெரியும். காரத்தன்மை கூடினால் கறை இன்னும் அதிகம். இப்போது நாங்கள் குடிநீர்க் கேன் போடுகிற ஆர்.ஓ. நிலையத்திலிருந்தே தொட்டிக்கும் தண்ணீர் வாங்குகிறோம், ரிஃப்ராக்டோமீட்டர் வைத்து வாரம் இருமுறை அடர்த்தி பார்க்கிறோம். இயந்திரம் விற்கிறவர்களோ கடன் கொடுக்கிறவர்களோ இந்தச் செலவை எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதி நான் பார்த்ததில்லை.

சுருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டியிலிருந்து கடைகிற பல பொருள்களில், வாங்கிய எடையில் பாதிக்கு மேல் சுருளாகத்தான் வெளியே போகிறது. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுக்கக் கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். மேட்டூரில் மால்கோ ஆலை ஏற்காடு, கொல்லிமலைப் பாக்சைட்டைக் கொண்டுவந்து உருக்கிய காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள், அந்த உலை ஓய்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பழைய அலுமினியத்தை மறுபடி உருக்க அந்த மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு அளவே போதும் என்பதால் சுருளுக்கு எப்போதும் நல்ல விலை உண்டு. ஆனால் 6061 சுருளும் 7075 சுருளும் இரும்புத் தூளும் கூலண்ட் எண்ணெயும் ஒரே மூட்டையில் கிடந்தால் காயலான் கடைக்காரர் சொல்வதே விலை. கிரேடு வாரியாகத் தனித்தனி டிரம்மில் போட்டு, எண்ணெய் வடியவிட்டுக் கொடுக்க ஆரம்பித்த பிறகு எங்கள் ஷெட் வாடகையில் ஒரு பகுதி அதிலேயே வந்துவிடுகிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடையும்போது வருகிற சுருள் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் தேய்ப்பதிலும் பாலிஷ் போடுவதிலும் வருகிற மாவு போன்ற தூள் காற்றில் பரவினால் வெடிக்கும். இரும்பு தேய்க்கிற கிரைண்டரிலேயே அலுமினியத்தையும் தேய்ப்பது பல பட்டறைகளில் வழக்கம். துருத்தூளும் அலுமினியத்தூளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தண்டவாளத்தைத் தெர்மிட் முறையில் பற்றவைப்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கிரைண்டரின் அடியில் அதே கலவையை நாமே சேர்த்து வைக்கிறோம். அத்தூளில் தீ பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஹைட்ரஜன் கிளம்பித் தீ பெருகும். உலர்ந்த மணல் நிறைந்த வாளி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு எதுவும் இல்லை.

நான் கேட்பது மூன்று தரப்பிடம். வேலை கொடுக்கிற பெரிய நிறுவனங்களும் அவற்றின் அடுத்த கட்ட ஒப்பந்தக்காரர்களும் ட்ராயிங்கில் கிரேடையும் டெம்பரையும் முழுமையாக எழுத வேண்டும். அளக்கும் வெப்பநிலையை இரு தரப்பும் முன்னதாகப் பேசிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, மாவட்டத் தொழில் மையமும் சிட்கோவும் சேர்ந்து ஓசூரில் ஒரு பொது ஆய்வுக்கூடத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்து, சிறு பட்டறைக்காரர் கம்பியிலிருந்து ஒரு துண்டை நறுக்கிக்கொண்டு போனால் அன்றே கலவை விவரத்தைக் குறைந்த கட்டணத்தில் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தனியார் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன, ஆனால் நாற்பது கிலோ கம்பி வாங்குகிறவருக்கு அங்கே போய்வருகிற செலவு கட்டுப்படியாகாது. கடினத்தன்மை பார்க்கிற கருவி எங்களிடமே இருக்கிறது. 6061 டி6 95 பிரினெல் அளவிலும் 7075 150 அளவிலும் இருக்கும் என்பதால் அந்த இரண்டையும் பிரித்துவிடலாம். 6061, 6082 இரண்டையும் அதனால் பிரிக்க முடியாது. டி6, டி651 இரண்டையும் எந்தக் கருவியும் எளிதில் பிரிக்காது, சான்றிதழ்தான் கதி. அந்தச் சான்றிதழும் எங்கள் கைக்கு வரும்போது நகலுக்கு நகலாகத் தேய்ந்து, கம்பியில் அடித்திருக்கும் ஹீட் எண்ணுக்கும் (உருக்கிய தொகுதியின் எண்) தாளில் இருக்கும் ஹீட் எண்ணுக்கும் தொடர்பே இல்லாமல் இருப்பதுண்டு.

மூன்றாவது, அரசு ஐ.டி.ஐ.க்கள். ஃபிட்டர் பிரிவில் இன்றும் பிள்ளைகள் முதலில் எம்.எஸ். தகட்டை அரத்தால் தேய்த்துச் சதுரம் எடுக்கிறார்கள். அது தேவைதான், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. பல ஐ.டி.ஐ.க்களில் இப்போது நவீன சிஎன்சி இயந்திரங்களுடன் புதிய தொழில்நுட்ப மையங்கள் வந்திருக்கின்றன. அங்கே ஒரே ஒரு பயிற்சியைச் சேர்க்க வேண்டுகிறேன்: 20 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டையில் 3 மில்லிமீட்டர் விட்டுப் பள்ளம் எடுக்கச் சொல்லி, வைஸில் இருக்கும்போது ஒருமுறையும், கழற்றிய பின் ஒருமுறையும், ஓரிரவு கழித்து ஒருமுறையும் அளந்து மூன்று எண்களையும் நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். தேவையான பட்டையை எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்களே சேர்ந்து வாங்கிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் போன்ற திட்டங்களில் 25 சதவீத மானியத்தோடு கடன் வாங்கலாமா என்று கேட்டுப் பாலக்கோடு, அரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். யாரையும் நான் வேண்டாம் என்று அனுப்பியதில்லை. ஒரு வருடம் சம்பளத்துக்கு அலுமினிய வேலை பாருங்கள், அந்த வருடத்தில் உங்கள் கையால் ரிஜெக்ஷன் ஆன சரக்கின் விலையைக் கணக்கெழுதி வையுங்கள், பிறகு அந்தத் தொகையையும் திட்ட மதிப்பீட்டில் சேர்த்து வங்கிக்குப் போங்கள் என்று சொல்கிறேன்.

இப்படிக்கு,
சிறு பட்டறை உரிமையாளர் ஒருவர்,
மத்திகிரி, ஓசூர்.